சாய்வுக்கு முன்

இறக்கம் தொடங்கியது பூங்கோதைக்குப் பாதத்தில் தெரிந்தது. சோளக்காட்டுச் சந்தையைத் தாண்டும்வரை கொஞ்சமாவது எதிர்த்துக்கொண்டிருந்த பெடல் சட்டென்று கனமிழந்து, காற்றை மிதிப்பது போல் ஆகிவிட்டது. முன்னால் இருந்த இந்துமதி, "மிதிக்க வேண்டாங்க்கா" என்றாள். இருவர் காலும் நின்றன. இந்துமதி நிறுத்தினாள், அதனால் பூங்கோதையின் காலும் நின்றது என்பதுதான் சரி. இருவர் ஓட்டும் இந்த நீளச் சைக்கிளில் இரண்டு பேர் பெடலும் ஒரே சங்கிலியில் கட்டியவை. ஒருத்தி நின்றால் மற்றவள் சுற்ற முடியாது. திருப்புவது முன்னால் இருப்பவள். கியர், பிரேக், மணி எல்லாம் அவளிடம். பின்னால் பூங்கோதை பிடித்திருப்பது எதையும் திருப்பாத, எதையும் நிறுத்தாத ஒரு வளைந்த கம்பி. அந்தக் கம்பியை அவள் இப்போது விரல் வலிக்கப் பிடித்திருந்தாள். விடு, தளர்த்து, விரலைத் தளர்த்து என்று தனக்குள் சொன்னாள். பிடித்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் இடுப்பு இறுகும், இடுப்பு இறுகினால் சைக்கிள் அதைச் சாய்வு என்று எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் பார்வை முழுதாகப் போனதிலிருந்து அவள் எத்தனையோ பேருடைய தோளையும் முழங்கையையும் பிடித்து நடந்திருக்கிறாள். அவர்கள் நடந்தார்கள், இவள் கூடப் போனாள். இந்தச் சைக்கிளில் மட்டும்தான் இவள் மிதித்தால் முன்னால் இருப்பவளும் சேர்ந்து நகர்கிறாள். அதற்காகத்தான் ஞாயிறு விடியுமுன் எழுகிறாள். அது இன்றோடு முடிந்தாலும் முடியும். போன வாரம் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, தோல் உரியும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இந்துமதி சொன்னாள், "இன்னொரு தடவை கொல்லிமலை எறங்கிப் பாப்பங்க்கா. எறங்க முடியிலீன்னா நான் தனிச் சைக்கிள்ல போய்க்கறேன். கோவிச்சுக்காதீங்க." கோவிக்கவில்லை. கொழுந்தனின் மனைவி அவள். ஒரே வீட்டில் இருக்கிறாள், ஒரே அடுப்பில் சமைக்கிறாள், அதனால் இந்த நான்கு வருடமாக முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். வேறு யார் வந்து உட்காருவார்கள்? சைக்கிள் குழுவில் எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள், தேநீர் வாங்கித் தருவார்கள், பின்னால் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மலை இறங்க ஒருவரும் வரமாட்டார்கள். அதுவும் விழ வைத்தவள் என்று பெயரெடுத்தவளை.

"இடது வருது" என்றாள் இந்துமதி. பூங்கோதை சாயவில்லை, தன்னைச் சாயவிட்டாள். இரண்டும் வேறு. குழுவில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது: பின்னால் இருப்பவர் அரிசி மூட்டையாக இருக்க வேண்டும், மூட்டை தானாக எந்தப் பக்கமும் சாயாது, வண்டி சாய்ந்தால் கூடச் சாயும். வளைவு வந்தது, வயிற்றுக்குள் ஏதோ ஒரு பக்கமாக ஒதுங்கியது, காற்று வலக் கன்னத்திலிருந்து இடக் கன்னத்துக்கு மாறியது, போனது. மூட்டையாகத்தான் இருந்தேன். அன்றைக்கும் மூட்டையாகத்தானே இருந்தேன்? ஆடி மாதம், இதே இறக்கம், பாதி மலைக்குக் கீழே ஏதோ ஒரு வளைவு. எந்த வளைவு என்று இவளுக்குத் தெரியாது, இந்துமதிக்குத் தெரியும். வீட்டில் அன்று விழுந்த கதைக்கு ஒரு வரிசை உண்டு. பின்னால் இருந்தவள் பயந்துபோய்த் தப்பான பக்கம் சாய்ந்தாள். சைக்கிள் தடுப்புச்சுவரில் மோதியது. மோதியதில் முன் டயர் வெடித்தது. இந்துமதிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. மாமியார் இதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. முறிந்த கைக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே சொன்னாள், "அவ சாயாம இருந்திருந்தா இவளுக்குக் கையி உடைஞ்சிருக்குமா? கண்ணு தெரியாதவ, பாவம், அவளையும் சொல்லி என்ன பண்ணுறது." பாவம் என்ற சொல்தான் தொண்டையில் நின்றது. தப்பு என்று சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பாவத்தோடு யார் வாதாடுவது? மன்னித்துக்கொள் இந்து என்று இவளே சொன்னாள். சொல்லிச் சொல்லி, சாய்ந்தது தனக்கே ஞாபகம் இருப்பது போல் ஆகிவிட்டது. ஆமாம், சாய்ந்தேன், இடப்பக்கம், தோளால். ஞாபகம் இருக்கிறதா, அல்லது கேட்டதெல்லாம் ஞாபகமாகிவிட்டதா?

காற்று இன்னும் குளிர்தான். ஈரமண், மிளகுக்கொடி, எங்கேயோ வெட்டிப் போட்ட பலாச்சக்கை. மலை கீழே போகப் போக ஒவ்வொன்றாக இதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். கடைசியில் அடிவாரத்துக் காரவள்ளியில் வெறும் வெயில் வாடைதான் மிஞ்சும். காலையில் எல்லாம் எதிர்ப்பக்கமாக வந்தது. மோகனூரில் கிளம்பும்போது காவிரியின் சேற்று மணம், வாழைத்தோட்டத்துக் குளிர், அப்புறம் வரிசையாகக் கோழிப்பண்ணைகள், இந்துமதி மூக்கைப் பொத்த முடியாமல் திட்டிக்கொண்டே மிதித்தாள். "உங்களுக்கென்னக்கா, பின்னால எம் முதுகு மறைக்குது" என்றாள். "நாத்தத்துக்கு முதுகு மறைக்குமா?" என்று இவள் கேட்டாள். நாமக்கல்லுக்குள் லாரிப் பட்டறைகள் அந்த நேரத்திலேயே திறந்திருந்தன. தகரத்தில் விழும் சுத்தியல் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து, முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஏற்றம். ஏற்றத்தில் இவளுக்குப் பயம் கிடையாது. ஏற்றத்தில் இந்துமதி எவ்வளவு அழுத்துகிறாள், எங்கே களைக்கிறாள், எங்கே களைப்பை மறைக்கிறாள் என்று பெடல் சொல்லிவிடும். வாயால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். சங்கிலி பொய் சொல்லாது. அந்த இடத்திலெல்லாம் இவள் ஒன்றும் பேசாமல் கூடுதலாக அழுத்துவாள். இறக்கத்தில் சங்கிலி ஊமை. இறக்கத்தில் இந்துமதி என்ன நினைக்கிறாள் என்று இவளுக்கு எட்டாது. "வலது வருது." வயிறு ஒதுங்கியது. காற்று மாறியது. ஆனால் காற்றுக்கு அடியில் ஒரு முனகல். வளைவு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. நேர்ச்சாலையிலும் அது கூடவே வந்தது, சேவை நாழியைப் பிழியும்போது வருவது போல மெல்லிய, விடாத ஒரு முனகல். பிரேக்கை விடவே இல்லை இந்துமதி. நல்லதுதானே, மெதுவாகப் போகிறோம், மெதுவாகப் போனால் விழமாட்டோம். அன்றைக்கும் மெதுவாகத்தான் போனோம். அன்றைக்கும் மெதுவாகத்தான் போனோம் என்பதை யாரும் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?

அப்போதுதான் அந்த வாடை வந்தது. சூடான ரப்பர், அதற்குள் கொஞ்சம் காய்ந்த இரும்பு. தெரிந்த வாடை. நாமக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தெரியாத வாடையா? மலை இறங்கி வரும் லாரி பக்கத்தில் வந்து நின்றால் இப்படித்தான் அடிக்கும். முன்னால் லாரி போகிறது என்று நினைத்தாள். அன்றைக்கும் இந்த வாடை இருந்தது, அன்றைக்கும் லாரி என்றுதான் நினைத்தாள், நினைத்து முடிக்குமுன் விழுந்தார்கள். "முன்னால லாரி போவுதா இந்து?" என்று கேட்டாள். "ஒண்ணுங் காணோமே, ரோடு வெறிச்சுனு கெடக்குது" என்றாள் இந்துமதி. குரல் பல்லுக்கிடையிலிருந்து வந்தது. லாரி இல்லை. லாரி இல்லையென்றால் இந்த வாடை எங்கிருந்து வருகிறது? எதிர்க்காற்றில், நேராக முகத்துக்கு. முன்னால் இருப்பது இந்துமதியும் முன்சக்கரமும் மட்டும். முனகலும் அங்கிருந்துதான். கல்லூரியில் வரலாறு எடுக்கும்போது பிள்ளைகளிடம் அவள் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு: எது முன்னால், எது பின்னால் என்று கேளுங்கள், வரிசை மாறினால் குற்றவாளி மாறிவிடுவான். சொன்ன வாய்க்குத் தன் வீட்டு வரிசையைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்டாள். முதலில் வாடை. அப்புறம்? அப்புறம் ஒரு சத்தம், உலர்ந்த சத்தம், காகிதப்பையை ஊதி அடித்தது போல. அப்புறம் உடம்பு இடப்பக்கம் போனது. அப்புறம் கல், தோல் உரிந்த முழங்கை, இந்துமதியின் "அம்மா". கல்லுக்கு முன்னால் சத்தம். சாய்வுக்கு முன்னால் சத்தம். இல்லை, இரு, உனக்குச் சாதகமாக அடுக்காதே, இன்னொரு தடவை. வாடை, சத்தம், சாய்வு, கல். எப்படிப் புரட்டினாலும் சத்தம் கல்லுக்கு முன்னால்தான் வந்து உட்கார்ந்தது. லாரிக்கு இறக்கத்தில் பிரேக் காயும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பேர் கனத்தையும் தாங்கிக்கொண்டு இறங்கும் சைக்கிளுக்கும் காயும் என்று லாரி ஊரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிரேக் கட்டை உரச உரச சக்கரத்தின் வளையம் காய்கிறது, அந்தச் சூடு வளையத்தை ஒட்டிய டியூபில் ஏறுகிறது. இந்த முனகல் நிற்காவிட்டால் அது மறுபடியும் வெடிக்கும். எந்த வளைவில் என்பதுதான் தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று கத்த வேண்டும் போல் இருந்தது. நான் சாயவில்லை, நீதான், உன் கைதான். சொன்னால் என்ன ஆகும்? டயர் வெடிக்கப் போகிறது என்று கேட்ட கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பயந்த கைக்கு அது ஒன்றுதான் தெரியும். இப்போது வேண்டியது நியாயம் அல்ல, இந்தச் சைக்கிள் நிற்க வேண்டும், வளைவுக்கு முன்னால், கத்தாமல் நிற்க வேண்டும். "இந்து, கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு. சித்த ஓரமா நிறுத்து" என்றாள், தயிர் வாங்கி வரச் சொல்வது போன்ற குரலில். முனகல் உரத்தது, சைக்கிள் தடுமாறி நின்றது. இரண்டு பேரும் காலை ஊன்றினார்கள். "எந்தக் கால்க்கா?" என்று இந்துமதி குனிந்தாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. தண்ணி பாட்டிலை எடு. முன்சக்கரத்து வளையத்துல கொஞ்சம் தெளி." "எதுக்கு?" "தெளி, சொல்றேன்." தெளித்தாள். சொய்யென்று சத்தம் வந்தது, தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கும்போது வருமே, அதே சத்தம். இரண்டு பேரும் தினமும் கேட்கும் சத்தம், யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத சத்தம். இந்துமதி இன்னொரு முறை தெளித்தாள். மறுபடியும் சொய். அவள் மூச்சு வேகமாவது கேட்டது. "அன்னைக்கு டயர் மொதல்ல வெடிச்சுது, இந்து. அப்புறந்தான் சாஞ்சேன்" என்றாள் பூங்கோதை. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம் இல்லை அது. இப்போதுதான் பிறந்தது, அதனால் சின்னதாக இருந்தது. இந்துமதி நிமிர்ந்தாள். "எனக்குச் சத்தமே கேக்கலீங்க்கா. நெசமாலும். ஹேண்டில்பார் இடப்பக்கமா இழுத்துச்சு. நீங்க இழுக்கறீங்கன்னு நெனச்சேன். அதத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்." பொய்யா? பூங்கோதை அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொய் இல்லை. காற்றுப் போன சக்கரமும் சாய்ந்த மனுஷியும் ஹேண்டில்பாரை ஒரே மாதிரிதான் இழுப்பார்கள் போலிருக்கிறது. கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நிற்கட்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் பாதி மலை இருக்கிறது.

பின்னாலேயே குழுவின் வேன் வந்து நின்றது. ஓட்டுகிற சின்னுச்சாமி தலையை நீட்டி, "என்னுங் அம்மிணி, ஏறிக்கறீங்களா? சைக்கிளை மேல கட்டிக்கலாம்" என்றார். இந்துமதி சைக்கிளிலிருந்து கையை எடுத்தாள். கனம் முழுவதும் இவள் இடுப்பில் வந்து சாய்ந்ததில் அது தெரிந்தது. "ஏறிக்கலாங்க்கா. இனி பிரேக்கைப் புடிக்க எங் கையில தெம்பு இல்லீங்க்கா." பூங்கோதை தொட்டுப் பார்த்தாள், முறிந்து கூடிய அந்த மணிக்கட்டு இன்னும் இறுகிக் கிடந்தது. ஏறிவிடலாம். வேனில் இருக்கை மெத்தென்று இருக்கும், பாட்டுப் போட்டிருப்பார், காரவள்ளியில் எல்லோரும் பரவாயில்லை பரவாயில்லை என்பார்கள். மறுபடியும் பாவம். வேனில் ஏறினால் வீட்டில் இருக்கும் அந்த வரிசை அப்படியே கெட்டிப்பட்டுவிடும், அடுத்த ஞாயிறு இந்துமதி தனியாகக் கதவைத் திறந்து போவாள், தாழ்ப்பாள் சத்தத்தைப் படுக்கையில் கிடந்து கேட்க வேண்டும். மாட்டேன். "நீ ஏறிக்க, இந்து. நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்து வர்றேன்." "பார்வை இல்லாம எப்படிக்கா மலை எறங்குவீங்க?" "ரோடு கீழதான போவுது. மேல போனா திரும்பிக்கறேன்." சின்னுச்சாமி சிரித்துவிட்டார். இந்துமதி சிரிக்காமல் இருக்கப் பார்த்து, மூக்கு வழியாகச் சிரித்தாள். "இந்தப் பொம்பளைய வெச்சுக்கிட்டு" என்று முணுமுணுத்தாள். பிறகு வேன் பக்கம் திரும்பி, "நீங்க பின்னாலயே வாங்கண்ணா. ரொம்ப ஒட்டி வராதீங்க" என்றாள். வளையம் ஆறும்வரை நின்றார்கள். இந்துமதி இன்னும் மூன்று முறை தண்ணீர் தெளித்தாள். மூன்றாவது முறை சத்தம் வரவில்லை. "இப்ப என்ன செய்யறது? பிரேக்கை விட்டா பிச்சுக்கிட்டுப் போவுமேக்கா." "போவட்டும். வளைவுக்கு முன்னால ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் புடி, வேகத்தைக் கொல்லு, அப்புறம் முழுசா விட்டுரு. அது ஆறட்டும். நீ வளைவைச் சொல்லு. விடறதை நான் சொல்றேன். எனக்குத்தான் அது முனகறது கேக்குது."

கிளம்பினார்கள். "விடு" என்றாள் பூங்கோதை. முனகல் நிற்கவில்லை. "விடு இந்து." கொஞ்சம் தேய்ந்தது. "முழுசா." நின்றது. முனகல் நின்ற இடத்தில் காற்று வந்து விழுந்தது, சட்டைக்குள் புகுந்தது, காதுக்குள் இரைந்தது, சைக்கிள் கயிறு அறுந்த கன்று போல் ஓடியது. நான்தான் விடச் சொன்னேன், விழுந்தால் இந்தத் தடவை நிஜமாகவே என் தப்பு, ஊர் சொல்வது சரியாகிவிடும், இறுக்காதே, விரலை இறுக்காதே. "வலது வருது" என்றாள் இந்துமதி, "புடிக்கறேன்." பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல் உடம்பு அவள் முதுகை நோக்கிச் சரிந்தது, முனகல் சுருக்கமாக ஒரு முறை உறுமியது. "விடு." விட்டாள். வளைவு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. மறுபடியும் காற்று. மறுபடியும் பிடி. மறுபடியும் விடு. நடுவில் ஒரு முறை இந்துமதியின் கை விட மறுத்தது. நேர்ச்சாலை நெடுக முனகல் இழுத்துக்கொண்டே வந்தது. பூங்கோதை ஒன்றும் விளக்கவில்லை, திட்டவில்லை, அந்த ஒரே சொல்லைத்தான் திரும்பச் சொன்னாள், பாடம் வராத பிள்ளைக்குச் சொல்வது போல, அதே அளவு சத்தத்தில். இந்துமதி விட்டாள். வாடை வருகிறதா என்று பூங்கோதை மூக்கைத் தீட்டிப் பார்த்தாள். காய்ந்த புல். எருமைச் சாணி. ரப்பர் இல்லை. ஒருவேளை அன்றைக்கு விழுந்தது இந்த வளைவாக இருக்குமோ? இதுவாக இருக்குமோ? ஒவ்வொரு வளைவிலும் ஒரு சுவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து போவது தெரிந்தது, சுவர் பக்கம் காற்று அடைத்துக்கொள்ளும், திறந்தவெளி வந்தால் விரியும். ஒரு வளைவில் இந்துமதியின் குரல் மட்டும் கொஞ்சம் உலர்ந்து, "இடது" என்று பாதியிலேயே நின்றது. கை நேரத்துக்குப் பிடித்தது, சொல்லாமலே விட்டது. பூங்கோதை வாயைத் திறந்து வைத்திருந்தாள். சொல்ல வேண்டிய சொல் அங்கேயே நின்றுவிட்டது. சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள். ஏதும் ஆகவில்லை. நெடு நேரம் ஏதும் ஆகவில்லை.

காற்று சூடாகிக்கொண்டு வந்தது. குளிர் கழன்று, வெயில் முதலில் முழங்கையிலும் பிறகு கழுத்திலும் உட்கார்ந்தது. எங்கேயோ மோட்டார் ஓடியது, பாத்தியில் தண்ணீர் விழும் சத்தம், ஒரு நாய் கடமைக்குக் குரைத்தது. "அந்த எடம் வந்தாச் சொல்லு" என்றாள் பூங்கோதை. "அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சுங்க்கா." "ஏன் சொல்லலை?" "சொன்னா நீங்க மூச்சை நிறுத்துவீங்க. எனக்கு முதுகுல தெரியும்." பூங்கோதைக்கு அது புதுசு. தன் மூச்சு ஒருத்தியின் முதுகுக்குத் தெரியும் என்று நான்கு வருடமாகத் தெரியாது. சாலை மட்டமானது. சைக்கிள் வாங்கி வைத்திருந்த வேகத்தை மெல்லச் செலவழித்தது. குழுவினர் முன்னால் தேநீர்க் கடையில் இருப்பார்கள், பேச்சும் சிரிப்பும் தூரத்தில் கேட்டன. இந்துமதி மணியை ஒரு முறை அடித்தாள். பிறகு, "வீட்டுல அத்தைகிட்ட நான் சொல்லட்டுங்களாக்கா?" என்று கேட்டாள். பூங்கோதை அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள், ஆடியிலிருந்து எதிர்பார்த்திருந்தாள்; வந்தபின் அது போதவில்லை. இந்துமதி சொன்னால் அது இந்துமதியின் பெருந்தன்மை ஆகிவிடும். பாவம், விட்டுக்கொடுக்கிறாள் என்பார்கள். "வேண்டாம். நானே சொல்றேன். எது முன்னால நடந்துச்சு, எது பின்னால நடந்துச்சுன்னு எல்லாத்தையும் நானே சொல்றேன். நீ பக்கத்துல நில்லு." "நின்னா?" "நின்னாப் போதும். அவங்க உன்னப் பாத்துக் கேட்டா, ஆமான்னு சொல்லு." "கேப்பாங்க." "கேப்பாங்கன்னு தெரியும்." இந்துமதி யோசித்தாள். யோசிக்கிறவரை சைக்கிள் தானாக உருண்டது, பெடல் அசையாமல் இருந்தது. தேநீர்க் கடை பக்கத்தில் வந்து, நெருங்கி, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இப்பவே வீட்டுக்குப் போயிரலாங்க்கா. டீ வேண்டாம்" என்றாள் இந்துமதி. பூங்கோதையின் பாதத்துக்கடியில் பெடல் தானே இறங்கியது. இவளும் அழுத்தினாள்.